முப்பத்தேழு புள்ளி பூஜ்யம்

துக்குமான் மாகாண வளர்ச்சி உயிரியல் நிலையத்தின் நான்காம் மாடியில் இருந்த இன்குபேட்டர் ஒருநாளும் அளவுக்கு மேல் சூடானதில்லை, ஒருநாளும் ஆறிப்போனதுமில்லை. இதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை ஏழு மணிக்கு ஒருமுறை அதன் வெப்பநிலை தாளில் பதிவானது. தாளில் 37.0 என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். பணியாளர் செய்ய வேண்டியது பக்கத்தில் கையெழுத்திடுவது மட்டுமே; அது நாள் முழுவதற்கும் செல்லும். முதன்முதலில் அச்சகத்துக்குப் போன மாதிரியில் கட்டம் காலியாகத்தான் இருந்ததாம். காலிக் கட்டத்தைக் கண்டால் மனிதர்கள் அதில் எதையாவது எழுதிவிடுகிறார்கள் என்று தர உறுதி அலுவலகத்தின் தலைவி செனோரா கோரினா கண்டுபிடித்து, அதைத் திருத்தினார். அதற்காக அவருக்கு ஒரு பதக்கமும் உண்டு.

நொயெமி சோரயிரே அந்தத் தாளில் ஐந்து வருடமாகக் கையெழுத்திட்டு வந்தாள். வயது இருபத்தாறு. பகலில் நிலையத்தின் ஒப்பந்த உதவியாளர். இரவு எட்டரைக்குப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் உயிர்வேதியியல் மாணவி. அவளுடைய ஒப்பந்தம் ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் செத்து, இயக்குநர் டாக்டர் மெனாவின் கையெழுத்தால் ஜனவரியில் உயிர்த்தெழும். இந்த வருடம் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் அதே டாக்டர் மெனாதான் ஒப்புக்கொள்ள வேண்டும். எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள் அவள். பிறகு, உண்மையிலேயே மூன்று முறை பார்த்தோமா என்று சந்தேகப்பட்டு நான்காம் முறையும் பார்ப்பாள்.

இன்குபேட்டரின் முகப்பில், கண்மட்டத்தில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சான்றிதழ் ஒட்டியிருந்தது. 'சரிபார்க்கப்பட்டது, 37.0 டிகிரி' என்ற வாசகம், மாகாண முத்திரை, கோரினாவின் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் அதுதான் கருவியின் திரை என்று நொயெமி நம்பியிருந்தாள். உண்மையான திரை சான்றிதழுக்குப் பின்னால் இருந்தது. ஒட்டுவதற்கு அந்த இடம்தான் வழவழப்பாக இருந்ததாம். சான்றிதழை அகற்றுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்று சான்றிதழிலேயே எழுதியிருந்தது.

உள்ளே தட்டுகளில் செல்கள் இருந்தன. பல வருடத்துக்கு முன் ஓர் எலியின் கட்டியிலிருந்து எடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருபவை. கருவின் முதல் நாட்களில் இருக்கும் செல்களைப் போல இவையும் இன்னும் எதுவாகவும் ஆகாதவை. வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ஓர் அமிலத்தைத் துளி விட்டால், நாளுக்கு நாள் உருமாறி, ஒரு வாரத்தில் ஏதோ ஒன்றாகிவிடும். நொயெமியின் ஆய்வேடு இந்த ஒரு வாரத்தைப் பற்றியது. சூடு பட்ட செல் ஒரு காப்புப் புரதத்தைச் செய்துகொள்ளும். சூட்டில் வடிவம் குலைகிற மற்றப் புரதங்களை அது தாங்கிப் பிடிக்கும். எதுவாகவும் ஆகாத செல்லுக்கு இது தெரியுமா? தெரியாதென்றால், அதற்கான மரபணு எந்த நாளில் விழித்துக்கொள்கிறது?

முறை எளிது. தினமும் ஒரு ஜோடித் தட்டு. மாலை ஐந்து மணிக்கு ஒன்றை நாற்பத்திரண்டு டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் வைப்பாள். மற்றது சூடே படாமல் இன்குபேட்டரில் இருக்கும். ஆறு மணிக்கு இரண்டையும் எடுத்து, மரபணு அனுப்பிய செய்தியைப் பிரித்து, எக்ஸ்ரே படத்தாளில் பார்ப்பாள். மரபணு வேலை செய்திருந்தால் கறுப்பாக ஒரு கோடு விழும். இல்லாவிட்டால் வெறும் தாள்.

அக்டோபர் கடைசியில் முடிவு வந்தது. முதல் மூன்று நாள் இரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை. நான்காம் நாளிலிருந்து, சூடு வைத்த தட்டில் கோடு. சூடு வைக்காத தட்டிலும் கோடு. அதே கறுப்பு.

படத்தாள்களை எடுத்துக்கொண்டு அவள் மூன்றாம் மாடிக்கு இறங்கினாள். டாக்டர் மெனாவின் அறையில் அவருக்கென்று தனிக் குளிர்சாதனம் இருந்தது. உள்ளே போனதும் அவள் கையில் மயிர்க்கூச்செறிந்தது.

"டாக்டர், எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். சூடு வைக்காததுலயும் கோடு வருது."

மெனா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார்.

"எத்தன தடவ செஞ்ச?"

"நாலு."

"நாலு தடவையும் இப்படியேதானா?"

"ஆமா, டாக்டர்."

"அப்புறம் என்ன தப்பு? தப்பு நாலு தடவை ஒரே மாதிரி வராது பொண்ணே. உண்மைதான் அப்படி வரும்." அவர் எழுந்து நின்றார். "சூடே படாம, யாரும் கேக்காம, தானாவே செய்யுது! இது என்னன்னு தெரியுதா உனக்கு? இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து நான் காத்துக்கிட்டிருந்தது இதுக்குத்தான்."

அவர் காத்திருந்ததை யாரும் மறுக்க முடியாது.

ஒரு வாரத்தில் பத்திரிகையில் வந்துவிட்டது. டாக்டர் மெனா படத்தாளோடு நிற்கும் புகைப்படம்; இந்த முறையும் தலைகீழ். மாகாண அறிவியல் துணைச் செயலர் நிலையத்துக்கு வந்து, வாசற்படியில் நின்று பேசினார். "மற்ற ஊர்ச் செல்கள் சூடு வைத்தால்தான் வேலை செய்கின்றன. துக்குமான் செல் அப்படியல்ல. அது தூண்டுதலை எதிர்பார்ப்பதில்லை. வசதி கேட்பதில்லை. சங்கம் வைப்பதில்லை. தாங்கிக்கொள்ளும் சக்தியைத் தனக்குள்ளிருந்தே, இலவசமாக உற்பத்தி செய்கிறது. செல்லால் முடியும் என்றால் ஊழியரால் ஏன் முடியாது என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்." கேட்டுக்கொண்டபோது அவர் தலைக்கு மேல் ஒருவர் குடை பிடித்திருந்தார்.

நவம்பர் இரண்டாம் வாரம் ஒரு நாள், நண்பகலிலிருந்து பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகல் ஒரு மணிக்குக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புவது எல்லோருக்குமான விதி. ஊரே சியெஸ்தா என்ற மதியத் தூக்கத்தில் படுத்திருக்கும் அந்த நான்கு மணி நேரமும், சிக்கனத்துக்காக, பொதுக் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள். நொயெமியின் வீடு தாஃபி வியெஹோவில். நடந்து போய்த் திரும்ப முடியாது. கதவைப் பூட்ட வந்த காவலாளி எலாடியோ, எல்லோருக்கும் மரியாதையாக டோன் எலாடியோ, அவளைப் பார்த்து நின்றார்.

"நீ போகலயா?"

"எதுல போறது, டோன்? பரீட்சை வேற இருக்கு. மாடியில உக்காந்து படிச்சுக்கட்டுமா?"

"படி. கோரினா கேட்டா நான் உன்னப் பாக்கல."

"நானும் உங்களப் பாக்கல."

"என்னை யாருதான் பாக்கறாங்க, இருபத்தாறு வருஷமா!" என்று சொல்லி, காகிதத்தில் சுற்றியிருந்த, பொரித்த இறைச்சி வைத்த மிலனேசா சான்ட்விச்சைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் துக்குமானில் கோடையின் வாசல்; நான்காம் மாடிக்கோ கூரை தகரம். இரண்டு மணிக்குள் நொயெமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டரைக்கு வியர்வை சொட்டிப் பாடக்குறிப்பின் மை பரவியது. மூன்று மணிக்கு அவள் படிப்பதை நிறுத்திவிட்டு இன்குபேட்டரைப் பார்த்தாள். அறையே நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டும். இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும். குளிரவைக்கத் தெரியாது. அறை முப்பத்தேழைத் தாண்டிவிட்டால் அது என்ன செய்யும்?

சான்றிதழின் கீழ் ஓரத்தை நகத்தால் தூக்கினாள். 42.3.

ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மறுபடி தூக்கினாள். 42.3.

முதலில் அவளுக்குக் கண்ணில் கோளாறு என்று தோன்றியது. அடுத்ததாகத் திரையில் கோளாறு என்று. மூன்று குடுவையில் தண்ணீர் ஊற்றி, மூன்று தெர்மாமீட்டரை வைத்து, உள்ளே மூன்று அடுக்கிலும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் நான்கு நாள் மதியம் வீட்டுக்குப் போகாமல் அளந்தாள். பகல் ஒன்றரைக்கு 38. இரண்டரைக்கு 41. மூன்றரைக்கு 42.4. மாலை ஏழு மணிக்கு, தாளில் கையெழுத்திடும் நேரத்துக்கு, ஒழுங்குப் பிள்ளை போல 37.

சூடே படாத தட்டுகள் தினமும் மதியம் வெந்துகொண்டிருந்தன. டாக்டர் மெனாவின் கண்டுபிடிப்பு ஒரு சியெஸ்தா.

அளவுகளை அவள் ஆய்வகப் பதிவேட்டில் எழுதினாள். அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு, முத்திரை உண்டு. ஒரு பக்கத்தைக் கிழிக்க இயக்குநரும் மாகாண ஆவணப் பதிவாளரும் தலைமைக் கணக்காயரும் ஒரே நாளில், ஒரே பேனாவால் கையெழுத்திட வேண்டும். எழுதிவிட்டு செனோரா கோரினாவிடம் போனாள்.

"சான்றிதழக் கிழிச்சிட்டியா?" கோரினா முகம் வெளிறிவிட்டது.

"கிழிக்கல, செனோரா. ஓரத்தத் தூக்கிப் பாத்தேன்."

"எதுக்கு?"

"எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்க."

"அதான் சான்றிதழ்லயே போட்டிருக்கே!"

"மூணு தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன். மூணும் நாப்பத்திரண்டு காட்டுது."

"அந்த மூணுக்கும் சான்றிதழ் இருக்கா?"

"இல்ல."

"சான்றிதழ் இல்லாத மூணு பேரு சேந்துக்கிட்டு, சான்றிதழ் இருக்கற ஒருத்தன் மேல புகார் சொல்றாங்க. உனக்கே சிரிப்பு வரலயா மகளே?"

"இன்குபேட்டர எப்ப சரிபாத்தீங்க, செனோரா?"

"ஜூலைல. காலைல எட்டு மணிக்கு. ஆபீஸ் நேரத்துலதான் எதுவும் செல்லும்."

ஜூலை துக்குமானில் நடுக்குளிர்காலம்; காலையில் மூச்சு விட்டால் புகை வரும். நொயெமி அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கோரினா அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டார்.

டாக்டர் மெனா கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தட்டிலிருந்து இறைச்சி அடைத்த ஓர் எம்பனாடாவை எடுத்துக் காகிதக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

"உன் ஆய்வேட்டுல அந்தக் கோடு இருக்கணுமா, வேணாமா?"

"டாக்டர், அது சூட்டால வந்தது..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. கோடு இருந்தா உனக்குப் பட்டம் இருக்கு, ஜனவரி இருக்கு. கோடு இல்லன்னா என்ன இருக்கு? பழைய இன்குபேட்டர் ஒண்ணு மதியத்துல சூடாகுது. அதுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் குடுக்கும்?" எம்பனாடாவைக் கடித்தார். "நீ புத்திசாலி. ஆனா ரொம்ப அளக்கற. உன் வயசுல நானும் அளந்தேன். அப்புறம்தான் வளந்தேன்."

நொயெமி மாடியேறினாள். அன்று மாலை ஏழு மணிக்கு 37.0-க்குப் பக்கத்தில் கையெழுத்திட்டாள். மறுநாள் காலையும். ஒருவேளை மூன்று தெர்மாமீட்டரும் ஒரே பெட்டியிலிருந்து வந்ததால் ஒரே மாதிரி தவறு செய்கின்றனவோ என்று, பேருந்தில் நின்றபடியே, தன்னைத்தானே ஏமாற்றிப் பார்த்தாள். ஏமாறவில்லை. ஆனாலும் கையெழுத்திட்டாள்.

நவம்பர் கடைசியில் துணைச் செயலரின் சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: தன்னியல்பான தாங்குதிறன் திட்டம். உயிர்ப்பொருள் வெளித்தூண்டல் இன்றியே வெப்பத்தை எதிர்கொள்ளும் என்று மாகாணத்தின் அறிவியல் நிரூபித்துவிட்டதால், இனி ஊழியர் மாடிகளில் காலை பதினொன்று முதல் மாலை ஆறு வரை குளிர்சாதனம் தேவையில்லை. இயக்குநர் மாடிக்கு விலக்கு; முழுமையாக உருமாறி முடிந்தவர்களுக்கு இதற்குமேல் பயிற்சி வேண்டாம் என்று விளக்கம். அடிக்குறிப்பாக, பதிவேட்டின் 94-ஆம் பக்கம் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. அது கோடு வந்ததை எழுதி நொயெமி கையெழுத்திட்ட பக்கம்.

சுற்றறிக்கை அமலுக்கு வந்த பிறகு கோடு இன்னும் கறுத்தது. "வளருது பாத்தியா!" என்றார் டாக்டர் மெனா.

டிசம்பர் மூன்றாம் தேதி, நண்பகலில், குடிநீர்க் குடுவையைத் தோளில் வைத்து மாடியேறிய டோன் எலாடியோ, நான்காம் மாடிப் படியில் சுவரைப் பிடித்தார். கை வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. நொயெமி ஓடிவந்தபோது அவர் மல்லாந்து கிடந்தார். தோல் அனலாகக் கொதித்தது, வியர்வையே இல்லை. உடைந்த குடுவையின் தண்ணீரை அள்ளி அள்ளி அவர் முகத்தில், கழுத்தில், மார்பில் ஊற்றினாள். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னைப் பத்தி அறிக்கை எழுதிட்டாங்களாமே? என்ன எழுதியிருக்கு?"

நொயெமி அதைப் படித்திருந்தாள். செனோரா கோரினாவின் நேர்த்தியான நடை: 'விழுந்ததற்குக் காரணம் வெப்பம் அல்ல. அன்றைய பதிவின்படி வெப்பநிலை இயல்பானது. மேற்படி ஊழியர் போதிய அளவு உருமாறாதவர்.'

"ஒண்ணும் பெருசா இல்ல, டோன்."

"பொய் சொல்லாத பொண்ணே. உனக்கு வராது."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அன்றைய பதிவு அவளுடையது. அவருக்கு எதிராக அவர்கள் காட்டிய சாட்சி அவள்தான். வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில், பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்துத் தன் கையெழுத்துகளை எண்ணினாள். வெயில் ஏறத் தொடங்கிய அக்டோபர் நடுவிலிருந்து தொண்ணூற்றாறு. மூன்று முறை எண்ணினாள். குறையவில்லை.

பாராட்டு விழா டிசம்பர் பதினைந்து என்று நிச்சயமாகியிருந்தது. துணைச் செயலரின் மனைவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. சுவரில் பதிக்கும் நினைவுக் கல்வெட்டின் பசை சீராக உலர வேண்டும். மூன்றடுக்குக் கேக்கின் க்ரீம் இளகக் கூடாது. ஆகவே டிசம்பர் ஏழாம் தேதியிலிருந்து ஒன்பது நாள், இரவு பகல் சியெஸ்தா எல்லா நேரமும், நான்கு மாடிகளிலும் குளிர்சாதனத்தை ஓடவிட உத்தரவானது. ஊழியர்கள் ஸ்வெட்டர் கொண்டுவந்தார்கள்.

விழா மேடையிலேயே, பார்வையாளர் முன்னால், ஒரு புதிய படத்தாளைக் காட்டுவது நிகழ்ச்சியின் உச்சம். சூடு படாத தட்டு, ஏழாம் நாள். செல்களை வளர்க்கும் பொறுப்பு நொயெமியுடையது. அவள் வழக்கம்போலவே எல்லாவற்றையும் செய்தாள். தினமும் மதியம் மூன்று மணிக்குச் சான்றிதழின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். 37.0. மறுநாளும் 37.0. வெயில் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக, வெப்பநிலைத் தாள் நாள் முழுக்க உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தனக்காக அவள் சூடு வைத்த ஜோடித் தட்டுகளையும் சேர்த்து வைத்தாள். அதை யாரும் கேட்கவில்லை, கவனிக்கவுமில்லை.

விழாவன்று இருட்டறையில் படத்தாள்களைக் கழுவினாள். சிவப்பு விளக்கில், சூடு வைத்த தாளில் நான்காம் நாளிலிருந்து கோடு மெல்ல எழுந்து வந்தது. சூடு படாத தாளில் எதுவும் எழவில்லை. காத்திருந்தாள். எழவேயில்லை. ஆக, நான்காம் நாள் அந்த மரபணு விழித்துக்கொள்கிறது. விழித்தாலும், சூடு பட்டால் மட்டுமே பேசுகிறது. மூன்று வருடக் கேள்விக்கு இதுதான் பதில். எவ்வளவு சுத்தமான பதில்! அந்த வெறும் தாளைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். பிறகு டோன் எலாடியோவின் வறண்ட தோல் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

வெறும் தாளை வெள்ளித் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மெனா அதைப் பார்க்காமலே தூக்கிப் பிடித்து, அச்சிட்ட உரையைப் படித்தார். "கனவான்களே, சீமாட்டிகளே, இதோ, நீங்கள் காணும் இந்தக் கம்பீரமான கறுப்புக் கோடு..."

"எது?" என்றார் துணைச் செயலரின் மனைவி, முன்வரிசையிலிருந்து.

"...யாருடைய கட்டளைக்கும் காத்திராமல்..."

"எனக்கு ஒண்ணும் தெரியலயேங்க. உங்களுக்குத் தெரியுதா?"

துணைச் செயலர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். "மிக நுண்ணியது," என்றார் மெனா, நெற்றி வியர்க்க. இருபத்திரண்டு டிகிரியில் வியர்த்த ஒரே மனிதர் அன்று அவர்தான். நிகழ்ச்சி நிரலில் அடுத்த வரி 'கைதட்டல்' என்றிருந்ததால் எல்லோரும் தட்டினார்கள்.

கோடு காணாமல் போனது குறித்து விசாரணைக் குழு அமைந்தது. டாக்டர் மெனா, செனோரா கோரினா, அமைச்சகத்துச் சட்ட ஆலோசகர் ஒருவர். டிசம்பர் இருபத்திரண்டு, பகல் இரண்டரை மணி. விசாரணை வேலையல்ல என்பதால் வேலை நேரத்தில் நடத்தக்கூடாதாம். கூட்ட அறை முழுக்க விழா நாற்காலிகள் அடைந்து கிடந்ததால் இடம் நான்காம் மாடி ஆய்வகம். விழா முடிந்துவிட்டதால் சுற்றறிக்கை மறுபடி அமலில் இருந்தது.

நொயெமி மேசையில் பதிவேட்டை வைத்தாள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் சாய்த்து வைத்தாள்.

"நடந்தது இதுதான்," என்று கோரினா, நொயெமியின் வாக்குமூலமாக எழுதிவைத்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்திப் படித்தார். "முப்பத்தேழு டிகிரிங்கற நிபந்தனையக் காப்பாத்தத் தவறிட்டேன், அதனால கோடு வரல. கீழ உன் கையெழுத்து."

"அந்த ஒம்பது நாளும் முப்பத்தேழுதான் இருந்துச்சு, செனோரா. அளந்தேன்."

"அப்ப கோடு ஏன் வரல?" என்றார் ஆலோசகர்.

"முப்பத்தேழு இருந்ததாலதான்."

ஆலோசகர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "அதுக்கு முன்னாடி?"

"தாள்ல முப்பத்தேழு. உள்ள மதியத்துல நாப்பத்திரண்டு."

"தாள்ல யாரு கையெழுத்து?"

"என்னோடது. தொண்ணூத்தாறு தடவ. அதுல கடைசிப் பத்துப் பதினஞ்சு நாள் தெரிஞ்சே போட்டேன். என் கையெழுத்த வச்சுத்தான் டோன் எலாடியோவுக்குச் சூடே படலன்னு எழுதினீங்க." பதிவேட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். "அதுக்குத் தண்டனை குடுங்க. வாங்கிக்கறேன். ஆனா அதை எழுதுங்க. செய்யாததுக்குக் கையெழுத்துக் கேக்காதீங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்த குற்றத்துக்கு அவளைத் தண்டித்தால் தாள் பொய் என்று ஆகிவிடும். தாள் பொய் என்றால் கோரினாவின் பதக்கம், மெனாவின் கோடு, துணைச் செயலரின் சுற்றறிக்கை.

"அதை எழுத முடியாது," என்றார் கோரினா. "அதுக்குப் படிவம் இல்ல." அவர் கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"எந்த மனுஷனாவது இங்க உக்கார முடியுமா?" ஆலோசகர் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். "எவ்வளவு இருக்கு இங்க?"

நொயெமி தெர்மாமீட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு."

"அதுக்குச் சான்றிதழ் இல்ல," என்றார் மெனா, கைக்குட்டையைப் பிழிந்தபடி.

"எனக்குச் சான்றிதழ் வேணாம் டாக்டர், காத்து வேணும்!" ஆலோசகர் எழுந்து போனார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படியிறங்கும்போது சொன்னது கேட்டது. ஐந்து நிமிடத்தில், தலை சுற்றுகிறது என்று கோரினாவும் எழுந்தார்.

"தாங்குதிறன், செனோரா," என்றாள் நொயெமி. "தானா வரும். உக்காருங்க."

கோரினா உட்காரவில்லை.

மெனா மட்டும் மிச்சமிருந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. "அஞ்சு வருஷம் உன்னை வளத்தேன். கடைசியில நீ என்னவா ஆகலாம்னு நினைக்கற?"

அவளிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. மாலை வகுப்பில் பெயர் கொடுத்த நாளிலிருந்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, பதில் தெரியாமல் இருந்தாள்.

"அளக்கறவளா," என்றாள்.

அவரும் போன பிறகு அவள் பதிவேட்டைத் திறந்து, 118-ஆம் பக்கத்தில் எழுதினாள். தேதி. இடம். பகல் 2.50, 41.2. பகல் 3.05, 41.6, சட்ட ஆலோசகர் வெளியேறினார். 3.10, கோரினா. 3.20, இயக்குநர். அதற்குக் கீழே, 37.0 என்று தான் கையெழுத்திட்ட நாட்களின் உண்மையான அளவுகள், தெரிந்தவரை. கீழே தன் பெயர். யாரும் கிழிக்க முடியாத பக்கம். கிழிக்க வேண்டுமானால் மூன்று பெரிய மனிதர்கள் ஒரே பேனாவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஜனவரியில் அவளுடைய ஒப்பந்தம் உயிர்த்தெழவில்லை. மெனா ஆய்வேட்டை ஒப்புக்கொள்ளவில்லை. மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர் பொறுப்பேற்றார். வெறும் தாளும் கோட்டுத் தாளும் வெப்பநிலைப் பட்டியலும் சேர்த்து மார்ச்சில் அவள் பட்டம் வாங்கினாள். பத்துக்கு ஏழு. நிலையத்தின் சான்றளித்த வெப்பநிலைத் தாளை இணைக்காததற்காக மூன்று மதிப்பெண் போயிற்று. தாஃபி வியெஹோவின் எலுமிச்சைச் சாறுத் தொழிற்சாலையில் புளிப்பளக்கும் வேலை கிடைத்தது.

ஜூனில், கரும்புக்காடுகளை எரித்த சாம்பல் துணிக்கொடிகளில் விழத் தொடங்கிய வாரம், டோன் எலாடியோ கம்பளித் தொப்பியோடு அவள் வீட்டு வாசலில் நின்றார். கையில் முத்திரையிட்ட உறை.

"குளிர் வந்ததும் கோடு போயிடுச்சாம். புதுசா சேந்த பையன் எத்தன தடவ செஞ்சும் வரலயாம். மூணாம் மாடியில ஒரே கூச்சல்."

"இது என்ன?"

"உனக்கு நோட்டீஸ். கோட்ட நீ எடுத்துட்டுப் போயிட்டியாம். பத்து நாளைக்குள்ள திருப்பித் தரணுமாம்." அவர் சிரிக்கவில்லை. "நான் சொன்னேன், அந்தப் பொண்ணு போகும்போது பையில ஒரு தெர்மாமீட்டரும் பாதி சான்ட்விச்சும்தான் இருந்துச்சுன்னு. எழுதிக்கிட்டாங்க."

அவரை உட்காரவைத்து மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நொயெமி அங்கேயே பதிலை எழுதினாள்.

'கோடு நிலையத்திலேயே இருக்கிறது. நான்காம் மாடி. டிசம்பர் மாதம் பகல் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தால் தெரியும். பதிவேடு, பக்கம் 118. குடிதண்ணீரை நீங்களே தூக்கிக்கொண்டு மாடியேறவும்.'

மூன்று முறை படித்துப் பார்த்தாள். நான்காம் முறை படிக்காமல் உறையை ஒட்டி அவர் கையில் கொடுத்தாள்.